எழுதாத ஸ்வரம்

எர்மெஸ் தெல்சாந்தே செத்து நாற்பது நாள் ஆகிறது. பார்மா பத்திரிகையில் நான்கு வரி போட்டிருந்தார்கள். 'கேலரியின் நீதிபதி மறைந்தார்' என்று தலைப்பு. அவனை நீதிபதியாக்கி உட்கார வைத்தது நாங்கள்தான். நாங்கள் என்றால், எங்கள் ஊர் தியேட்டரின் உச்சி மாடியான கேலரியில், கூரைக்கு ஒரு கை கீழே, முழங்கால் இடிக்கிற பெஞ்சுகளில் உட்கார்ந்து ஓபரா கேட்கிற கூட்டம். அதிலும் அவனுக்கு இடது பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். பெயர் இல்வோ. குழாய் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன். எனக்கு எழுத்து வராது, ஆனால் அந்த நான்கு வரியை அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை.

எர்மெஸுக்கு வேலை லாங்கிரானோவில் ஒரு பன்றித்தொடைக் கிடங்கில். உப்புப் போட்டு ஒன்றரை வருஷம் தொங்கவிட்ட தொடைகளைச் சோதிக்கிற வேலை. குதிரை எலும்பில் செய்த ஊசி ஒன்று வைத்திருப்பான். ஒரு தொடையில் ஐந்து இடத்தில் குத்துவான், ஒவ்வொரு குத்துக்கும் ஊசியை மூக்கருகே கொண்டுபோவான். கண்ணிமைக்கிற நேரம்தான். ஐந்தில் ஒன்று நாறினாலும் தொடையை ஒதுக்கிவிடுவான். கிடங்கு முதலாளி பக்கத்தில் நின்று, "இது நல்ல பண்ணையிலேர்ந்து வந்ததுப்பா, பாத்துச் செய்" என்றால் காதில் வாங்க மாட்டான். ஒருமுறை முதலாளியின் சொந்த அண்ணன் அனுப்பிய நூறு தொடையில் நாற்பதை ஒதுக்கிவிட்டான். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முதலாளி வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு கேக்குத் துண்டுகூட வரவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

அந்த மூக்கைத்தான் மாலையில் காதாக மாற்றிக்கொண்டு தியேட்டருக்கு வருவான். ஸ்வரம் எழுதிய காகிதத்தைப் படிக்க அவனுக்குத் தெரியாது, எங்களில் யாருக்குமே தெரியாது. கேட்டுக் கேட்டு வந்த ஞானம்தான். ஒரு பாடகன் அரை மூச்சு முந்தினாலும் அவன் புருவம் ஏறும். தேறாதவன் என்று முடிவாகிவிட்டால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு விசில். இங்கே விசில் பாராட்டு இல்லை, செருப்படி. அவன் விசில் கேட்டால் மேல் மாடி முழுவதும் சேர்ந்துகொள்ளும். கீழே வெல்வெட் நாற்காலியில் இருப்பவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள்.

கல்நெஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பாரிட்டோன் பாடகனை விசிலடித்து அழவைத்தான். மறுநாள் காலை அந்த மனிதன் ரயில் நிலையத்தில் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் அரைக் கிலோ தொடையை மெல்லிசாகச் சீவி வாங்கிவந்து கையில் திணித்தான். "நேத்து உங்க குரல் சரியில்ல. அதுக்காக நீங்க பட்டினி கெடக்கணும்னு இல்ல" என்றானாம். அந்த ஆள் வாங்கிக்கொண்டாராம்.

மனைவி இயோலே செத்துப்போன பிறகு வீட்டில் அவனும் மகள் மரூஸ்காவும்தான். மரூஸ்கா இசைக் கல்லூரியில் அலுவலக வேலை பார்த்தாள். அங்கே படித்த ஒரு டெனரை, உச்சக் குரலில் பாடுகிறவனை, கல்யாணம் செய்துகொண்டாள். லெயார்கோ, ரொவிகோ பக்கத்துக்காரன், நெட்டையானவன், கூச்சசுபாவி. மாப்பிள்ளை பாடகன் என்றதும் எர்மெஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பாராட்டியது கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் லெயார்கோ பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவான். எர்மெஸ் அடுத்த அறையில் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பான். எப்படி என்று கேட்டால், "பரவாயில்ல" என்பான். லெயார்கோ அந்தப் 'பரவாயில்ல'வைப் பட்டம் வாங்கியதுபோல வீட்டுக்குக் கொண்டுபோவான் என்று மரூஸ்கா சிரிப்பாள்.

வெளியூர்களில் பத்து வருஷம் பாடிய பிறகு லெயார்கோவை எங்கள் தியேட்டர் கூப்பிட்டது. எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த பழைய ஓபரா அது. கல்யாண நாளன்று மணப்பெண்ணை விட்டுப் போருக்குப் போகிற தளபதியின் கதை. மூன்றாம் அங்கத்தின் முடிவில் அவன் வாளை உருவிக்கொண்டு ஒரு போர்ப்பாட்டுப் பாடுவான், கடைசிச் சொல்லில் குரல் கூரையைத் தொடுகிற உச்ச ஸ்வரம். அதற்காகத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்குவது. உண்மையைச் சொல்லப்போனால், மற்ற மூன்று மணி நேரம் அந்த ஒரு ஸ்வரத்துக்காகக் காத்திருப்பதுதான்.

இந்த முறை புதுத் தயாரிப்பு என்றார்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு பெண் டைரக்டர், த்ரியெஸ்தேயிலிருந்து வாத்தியக் குழுவை நடத்த ஒரு மேஸ்த்ரோ. வாளும் இல்லை, குதிரையும் இல்லையாம், படைவீரர்கள் எல்லாம் மழைக்கோட்டில் வருவார்களாம் என்று செய்தி கசிந்தது. மேல் மாடிக்கு இது போதாதா? ஒரு மாதமாக விரல்களுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தோம்.

எர்மெஸ் மட்டும் எதையும் கேட்க மாட்டேன் என்றான். முதல் நாளுக்கு முன் தயாரிப்பைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது, அது அவன் போட்டுக்கொண்ட விரதம். முதல் நாளுக்கு ஐந்து நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில் சாப்பாடு. நானும் இருந்தேன். பூசணிக்காய் அடைத்த தொர்த்தெல்லி இரண்டாவது தட்டு வந்தபோது லெயார்கோ தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"மாமா, மூணாவது அங்கத்துக் கடைசியில ஒரு விஷயம் இருக்கு. அத மட்டும் உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்னு..."

எர்மெஸ் முள்கரண்டியை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"அப்பா, ஒரு நிமிஷம் காதத் தொறங்க. முக்கியமான விஷயம்," என்றாள் மரூஸ்கா.

"தொறக்க மாட்டேன். வெள்ளிக்கிழம தொறக்கறேன். வித்தவன் சொல்றதக் கேட்டுட்டு மோந்து பாத்தா அப்புறம் மூக்குக்கு என்ன மரியாதை?"

"இது பன்னித்தொடை இல்லப்பா."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் பேச்சை மாற்றும்வரை சத்தமாக ஏதோ முனகிக்கொண்டிருந்தான். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். லெயார்கோவும் சிரித்தான், ஆனால் அவன் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. இன்றைக்கு நினைத்தால், காதைப் பொத்திய எர்மெஸின் கைகளை நானே பிடித்து இழுத்திருக்கலாம். ஒரு நிமிஷப் பேச்சு.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் இரண்டு அங்கத்தில் மேல் மாடி கொந்தளித்தது. மேடை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நீளமான மேஜை, ஆணி ஆணியாக மழைக்கோட்டு. "பஸ் ஸ்டாண்டா இது, தியேட்டரா?" என்று ஒருவன் கத்தினான். நானும் என் பங்குக்குக் கத்தினேன். எர்மெஸ் வாயே திறக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தான். லெயார்கோ அன்றைக்கு நன்றாகப் பாடினான், அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் அங்கத்துக்கு முன் இடைவேளையில் மேல் மாடி காப்பிக் கடையில் கூடி நின்றோம். என் வாய் எப்போதும் சும்மா இருக்காது.

"என்னடா எர்மெஸ், விரல வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

"மாப்பிள்ளைன்னு ஆனதும் மூக்கடைச்சுப் போச்சு போல. முதலாளியோட அண்ணன் தொடைன்னா ஒதுக்குவே, உன் வீட்டுத் தொடைன்னா ஒதுக்குவியா?"

அவன் முகம் சுண்டிவிட்டது. காப்பிக் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தான்.

"அவன் தப்புப் பண்ணா மொதல் விசில் என்னோடதுதான். போதுமா? வாய மூடிக்கிட்டு உள்ள வா."

எல்லார் முன்னாலும் சொன்னான். அதுதான் வினை.

மூன்றாம் அங்க முடிவில் டைரக்டர் செய்திருந்தது இதுதான். படைவீரர்கள் எல்லாரும் வெளியே போய்விடுகிறார்கள். அவர்கள் பாட்டு எங்கோ தொலைவில் கேட்கிறது. தளபதி மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மழைக்கோட்டைப் போட்டுக்கொள்கிறான். கை நடுங்குகிறது, ஒரு பட்டன்கூட மாட்ட முடியவில்லை. போர்ப்பாட்டை அவன் பகைவனைப் பார்த்துப் பாடவில்லை, தன்னைத் தானே கிளப்பிவிடுவதற்காகப் பாடுகிறான். பயந்துபோன ஒரு மனிதன். கடைசிச் சொல்லில் குரல் மேலே போகவில்லை. கீழேயே நின்றது, நீளமாக, மெதுவாக, மூச்சு முடிகிற வரைக்கும்.

தியேட்டரில் ஒரு இருமல் இல்லை. கூரை விளக்கின் கண்ணாடிகூட அசையவில்லை. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம், உச்ச ஸ்வரம் இதோ வரும் என்று. வரவில்லை. வாத்தியங்கள் முடிந்தன. அந்த மௌனத்தில் நாலைந்து தலைகள் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பின. எர்மெஸ் இரண்டு விரலை வாயில் வைத்தான்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. மாடி முழுவதும் ஊளையிட்டது. லெயார்கோ நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கும், எங்கள் முகம் தெரிந்திருக்காது. ஆனால் தலையை நிமிர்த்தி நேராக எங்கள் பக்கம்தான் பார்த்தான். நாலாம் அங்கத்தை எப்படியோ பாடி முடித்தான்.

திங்கட்கிழமை மரூஸ்கா கிடங்குக்கே போய்விட்டாள். எர்மெஸ் ஊசியும் கையுமாக நின்றிருந்தானாம். அவனே அப்புறம் எனக்குச் சொன்னது.

"தூங்கவே இல்லப்பா அவரு. ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல."

"தொண்ட கட்டியிருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. உச்ச ஸ்வரம் வரலன்னா வரலன்னு சொல்லிட்டு வேற ஆளப் பாட விடணும். அதுல என்ன வெக்கம்?"

"வரலன்னு யாருப்பா சொன்னது? அது அங்க..."

"சாக்குச் சொல்லாத மரூஸ்கா. என் காது கேட்டுச்சு."

அவள் திரும்பிப் போய்விட்டாள். ஆனால் 'வரலன்னா' என்ற அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கோபத்தில் புருஷனிடம் சொல்லியும் விட்டாள். அதற்காக அவள் பட்ட பாடு தனி.

இரண்டாம் காட்சியில் அவன் நாற்காலியில் உட்காரும்போதே மேலிருந்து விசில் ஆரம்பித்துவிட்டது. எர்மெஸ் அன்று அடிக்கவில்லை. அடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மூன்றாவது காட்சி ஞாயிறு மதியம். அதே நாற்காலி, அதே மழைக்கோட்டு. பாட்டின் கடைசிச் சொல் வந்ததும் லெயார்கோ எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே. மேடை ஓரத்துக்கு வந்து, எங்களை அண்ணாந்து பார்த்து, அந்த உச்ச ஸ்வரத்தைப் பாடினான். எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. வாத்தியங்கள் நின்றுவிட்டன, மேஸ்த்ரோ குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அவன் குரல் மட்டும் நிற்காமல் ஒலித்தது. தியேட்டரே எழுந்து நின்றது. எர்மெஸ் பெஞ்சின் மேல் ஏறி, "பிராவோ, என் மாப்பிள்ள, பிராவோ" என்று கத்தினான், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பத்து வருஷமாகப் 'பரவாயில்ல' சொன்ன வாய். என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தியாடா, வருதுடா அவனுக்கு" என்றான்.

மறுநாள் காலை லெயார்கோவின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். மேஸ்த்ரோ ஒரே வாக்கியம்தான் சொன்னாராம்: கேலரிக்குப் பயந்து பாடுகிறவனோடு நான் வேலை செய்ய மாட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த ஓபரா உலகம் சின்னது. வெரோனாவுக்கும் ஜெனோவாவுக்கும் அடுத்த வாரமே செய்தி போய்விட்டது. வரவேண்டிய அழைப்புகள் ஒவ்வொன்றாக வராமல் போயின.

எர்மெஸுக்குப் புரியவே இல்லை. நல்லாப் பாடினதுக்கா தண்டனை என்று ஊரெல்லாம் நியாயம் கேட்டான். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு இசைக் கல்லூரி நூலகத்துக்குப் போனான். அங்கே இருந்த அம்மாள் பொறுமைசாலி. இசையமைத்தவர் கைப்பட எழுதியதன் நகலை மேஜையில் விரித்து, விரலை வைத்துக் காட்டினாள்.

"இதான் கடைசிச் சொல். கீழ இருக்கு பாருங்க. மேல எதுவும் இல்ல."

"வேற பக்கத்துல இருக்கும்மா. நல்லாப் பாருங்க," என்றான் எர்மெஸ்.

"வேற பக்கமே இல்லங்க. அவர் அந்த உச்ச ஸ்வரத்த எழுதவே இல்ல. பின்னால யாரோ ஒரு பாடகர் தன் இஷ்டத்துக்குச் சேத்துப் பாடினாரு, மேல இருந்தவங்க கைதட்டினாங்க. அப்புறம் பாடாம இருக்க யாருக்கும் தைரியம் வரல. உங்க மருமகன் மொத நாள் பாடினதுதான் எழுதின மாதிரி."

எர்மெஸ் அந்தக் காகிதத்தில் தன் விரலையும் வைத்தான். படிக்கத் தெரியாத புள்ளிகள்தான். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷமாக எத்தனை பேரை, எத்தனை எழுதாத ஸ்வரத்துக்காக அழவைத்தோமோ.

ஒன்றரை வருஷம் மரூஸ்கா அப்பாவோடு பேசவில்லை. அவர்கள் சஸ்ஸுவோலோவுக்குக் குடிபோய்விட்டார்கள். லெயார்கோ அங்கே ஒரு தரை ஓடு கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்தான். எர்மெஸ் தியேட்டர் படியை மிதிப்பதை விட்டுவிட்டான். ஒரு வசந்த காலச் சனிக்கிழமை, "என்னக் கூட்டிட்டுப் போ" என்றான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

லெயார்கோ எங்களை ஓடு அடுக்கியிருந்த கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. மரூஸ்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"நான் பண்ணது தப்பு மாப்பிள்ள. எழுதினதப் போய்ப் பாத்தேன். நீதான் சரி," என்றான் எர்மெஸ்.

"விடுங்க மாமா."

"விட முடியல. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"விசிலுக்கு நான் அப்பவே மன்னிச்சுட்டேன். பாடறவனுக்கு அது இல்லாம இருக்குமா? அந்த ஞாயித்துக்கெழமதான் எனக்குத் தாங்கல. நீங்க பெஞ்சு மேல ஏறி நின்னீங்க பாருங்க, அன்னிக்கு நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன் மாமா. தப்பாப் பாடிட்டு அவ்வளவு சந்தோஷம். அத நெனச்சாதான் வெக்கமா இருக்கு."

எர்மெஸ் தண்ணீர்க் கோப்பையைத் தரையில் வைத்தான். பிறகு, "எழுதின மாதிரியே ஒரு தடவ பாடேன். எனக்கு மட்டும். இங்கயே. இந்தத் தடவ ஒழுங்காக் கேக்கறேன்," என்றான்.

"பாடறதில்ல மாமா இப்ப. பாத்திரம் தேய்க்கும்போதுகூட வாயத் தொறந்தா நீங்க மேல உக்காந்திருக்கீங்க."

மரூஸ்கா அப்போதுதான் கையைப் பிரித்தாள். வந்து அப்பாவின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். "கெளம்புங்கப்பா, மழ வரும்" என்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய வார்த்தை அதுதான். அதற்கே அவன் உடனே எழுந்துகொண்டான்.

திரும்பும்போது ரெஜ்ஜியோவைத் தாண்டினோம். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னான்.

"அந்த மொத நாள் ஸ்வரம் நல்லா இருந்துச்சு இல்வோ."

"இப்பதான் தெரியுமே, எழுதினதே அதானேன்னு" என்றேன்.

"இப்ப இல்லடா. அன்னிக்கே. அவன் மெதுவா நிறுத்தினப்ப எனக்கு நெஞ்ச அடச்சிடுச்சு. அப்படி ஒண்ண நான் கேட்டதே இல்ல. கேட்டுட்டுத்தான் விரல வாயில வச்சேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. காரை ஓட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தான். காப்பிக் கடையில் நான் பேசியதை அவன் மகளிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பழியாவது இறங்கியிருக்கும். அடக்கத்தன்று தேவாலய வாசலில் மரூஸ்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். லெயார்கோ பக்கத்தில் நின்றான்.

"எல்லாரும் அப்பாவ ஏத்திவிட்டு வேடிக்க பாத்தாங்க, இல்வோ சித்தப்பா. நீங்க ஒருத்தர்தான் அவருக்கு நல்லதே நெனச்சீங்க," என்றாள்.

நான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன்.